கண்டி கண்டோம்

ஊர் காணப் புறப்படுதல் நம்மவர்க்குப் புதிதன்று. காசியும் இராமேசுவரமும் கண்டு வந்தோரும், கதிர்காமத்திற்குக் கால்நடையாகவே சென்று மீண்டோரும் நம் குடும்பங்கள்தோறும் உளர். அவர்கள் மேற்கொண்டது யாத்திரை. இக்காலத்தார் மேற்கொள்வது சுற்றுலா. யாத்திரை செய்வோன் தான் காணும் ஊரின்முன் தலை தாழ்த்துகிறான். சுற்றுலாச் செல்வோன் அவ்வூரைப் படமாக்கிச் சட்டைப்பையிலே இட்டுக்கொண்டு மீள்கிறான். இவையிரண்டுமல்லாத வேறொரு வகையும் உண்டு. ஓர் ஊரை ஆக்கியவர் யாவர், இழந்தவர் யாவர், இன்று அதன் வாயிலிலே காத்து நிற்பவர் யாவர் என வினவிக்கொண்டே அவ்வூரைக் காண்பது அவ்வகை. அதனை எமக்குக் காட்டித் தந்தவர் ஒரு விருந்தினர்.

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, கடல் கடந்த நாடொன்றைப் பற்றியதாயின் மாணவர் விரும்பிப் படிப்பர் எனவும் குறிப்பாற் சொன்னார்கள். யாம் கடல் கடந்தது மிகக் குறைவு. ஆயினும் தென்னமெரிக்காவின் பழைய தலைநகரொன்று எம் வீட்டு வாயிலுக்கே வந்து மூன்று நாள் தங்கிச் சென்றது என்று சொல்லலாம். பெரு நாட்டின் குஸ்கோ நகரிலே சரித்திரம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், மேல்நாட்டிலே தொழில் பார்க்கும் எம் மைந்தனுடைய நண்பரின் தந்தையார், இலங்கையைக் காண வந்தவிடத்து அம்பிட்டியவிலுள்ள எம் இல்லத்திலே தங்கினார். யாமும் ஆசிரியத் தொழிலில் மூப்பெய்தியவராதலின் பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை. இருவர்க்கும் ஆங்கிலம் இரவல் மொழி; ஒருவர் பிழையை மற்றவர் பொருட்படுத்தவுமில்லை.

குஸ்கோ நகர் அந்தீசு மலைத்தொடரிலே, கடல் மட்டத்தினின்றும் ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டியின் உயரமோ 500 மீற்றர் அளவினதே. இங்கா மன்னரின் பேரரசுக்குக் குஸ்கோவே தலைநகராய் விளங்கிற்று. 1533ஆம் ஆண்டிலே பிசாரோ என்பவனின் தலைமையில் இசுப்பானியர் அதனுட் புகுந்தனர். இரண்டாண்டுகள் கழியுமுன், 1535இல், அவர்கள் கடற்கரையோரமாக லீமா நகரைத் தமக்கென அமைத்துக்கொண்டார்கள். அன்று ஆட்சி மலையினின்றும் கடற்கரைக்கு இறங்கிற்று. 1993ஆம் ஆண்டின் பெரு நாட்டு அரசியலமைப்பு, தலைநகர் லீமா என்றும், வரலாற்றுத் தலைநகர் குஸ்கோ என்றும் இரண்டையும் எழுதி வைத்திருக்கின்றது. “அதிகாரம் அங்கே, பெருமை இங்கே” என்று சொல்லி விருந்தினர் நகைத்தார்.

“எங்கள் கண்டியின் கதையும் அதுவே” என்றோம். பதினான்காம் நூற்றாண்டிலே கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் செங்கடகல என்னும் பெயரோடு தோன்றியது இந்நகர். 1505இல் போர்த்துக்கேயர் வந்தனர், பின் ஒல்லாந்தர், அதன்பின் ஆங்கிலேயர். கரையோரம் முழுவதும் ஒருவர் கைமாறி மற்றவர் கைக்குச் சென்றபோதும் மலைநாட்டரசு தலை வணங்கவில்லை. 1594இல் தந்துறையிலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயர் படை அழிந்தது. 1803இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படையும் சில மாதங்களுள் அழிந்தொழிந்தது. 1815ஆம் ஆண்டிலேதான் இவ்வரசு வீழ்ந்தது. வீழ்ந்ததும் ஆட்சி கொழும்புக்கு இறங்கிற்று. குஸ்கோவை 1983இலும் கண்டியை 1988இலும் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் உலக மரபுரிமைத் தலங்களாக ஏற்றுக்கொண்டது. அரசிழந்த இரு நகர்களுக்கும் உலகம் அளித்த ஆறுதற் பட்டம் இது போலும்!

அம்பிட்டிய கண்டி வாவியின் தென்கிழக்கே, தலாத்துஓயா வழியாக அங்குராங்கெத்தை செல்லும் பாதையிலே அமைந்த மலைச்சரிவூர். போர்க்காலங்களிற் கண்டி மன்னர் தலைநகரை விட்டு ஒதுங்கிய புகலிடம் அங்குராங்கெத்தை. எம்மூருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1893ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ இந்திய, இலங்கை நாட்டுக் கத்தோலிக்கக் குருமாணவர்க்கென ஒரு குருமடத்தை இம்மலையில் நிறுவினார். தமிழகத்தினின்றும் மலையாளத்தினின்றும் இளைஞர் பலர் கடல் கடந்து வந்து இங்கே கற்றனர். இந்தியாவின் முதற் கர்தினாலாகிய வலேரியன் கிராசியசும் இங்கே பயின்றவரே. 1955இல் அக்குருமடம் பூனா நகருக்குப் பெயர்ந்தது. இப்போது இலங்கையின் தேசிய குருமடம் அவ்விடத்தில் நடைபெறுகின்றது. அதன் மதிலோரமாக நடந்து சென்றபோது விருந்தினர், “இவ்வளவு சிறிய ஊருக்கு எவ்வளவு தொலைவிலிருந்து மனிதர் வந்திருக்கின்றனர்!” என்று வியந்தார். மனிதர் மாத்திரமா வந்தனர்? எம் வீட்டு உணவு மேசை அதற்கு விடை சொல்லிற்று.

அன்று எம் இல்லாள் விருந்தினர்க்கென உருளைக்கிழங்குப் பிரட்டலும், மரவள்ளிக்கிழங்கு அவியலும், செத்தல்மிளகாய்ச் சம்பலும் ஆக்கியிருந்தார். விருந்தினர் முதல் வாய் உண்டதும் கண் கலங்கினார். அதற்குக் காரணம் மிளகாயேயன்றிப் பிறிதில்லை. பின்னர் மேசையைச் சுட்டி, “இம்மூன்றும் எங்கள் கண்டத்திலிருந்து வந்தவை” என்றார். உண்மைதான். உருளைக்கிழங்கு அவருடைய மலைகளிலே முதன்முதற் பயிரானது. மரவள்ளியும் மிளகாயும் தென்னமெரிக்க மண்ணுக்குரியவை. போர்த்துக்கேயர் மிளகாயைக் கொணருமுன் நம் முன்னோர் மிளகையே காரத்திற்குக் கொண்டனர்; புதிய காய்க்கு அதன் பெயரையே சூட்டிச் சொந்தமாக்கிக்கொண்டனர். செத்தல்மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்தை இன்று யார் எண்ணிப் பார்ப்பர்? வந்தேறியது எப்போது ஊர்க்காரனாகின்றது என்னும் வினா அன்றே எம் உள்ளத்தில் எழுந்தது. மறுநாள் அதே வினாவை வேறொருவர் வேறொரு விதமாகக் கேட்டார்.

மறுநாட் காலை, எமக்கு வழக்கமாக முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர் வந்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். தாயாரும் பாட்டியாரும் கொழுந்து பறித்தவர்கள். தாம் பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக் கண்டிக்கு வந்து வண்டியோட்டக் கற்றவர். எம்மை ஐயா என்பார். யாம் தம்பி என்போம். அவருடைய வண்டியில் அம்பிட்டியச் சாலையின் வளைவுகளைக் கடந்து இறங்கினோம். வளைவொன்றிலே மரங்கள் விலகின. கீழே கண்டி வாவி வெள்ளித் தட்டுப்போற் கிடந்தது. நடுவே சிறு தீவு. அக்கரையில் தலதா மாளிகையின் வெண்சுவர். அதற்குமேல் உடவத்தைக் காடு. விருந்தினர் வண்டியை நிறுத்தச் சொல்லிப் படமெடுத்தார். கண்டிக்கு வருவோர் யாவரும் எடுக்கும் படம் அது.

ஆனால் அவர் சரித்திர ஆசிரியரல்லரோ? படம் எடுத்து முடிந்ததும், “இதை வெட்டியவர் யார்?” என்று வினவினார். இறுதி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் என்றோம். “அவன் வெட்டுவித்தவன். வெட்டியவர் யார்?” என்று அவர் மீண்டும் கேட்டார்.

இக்கேள்விக்கு விடை கூறும்போதே கண்டியின் இறுதிக் கதை முழுவதும் விரிகின்றது. வாவி உள்ள இடம் முன்னர் வயலாயிருந்தது. 1807ஆம் ஆண்டளவிலே அவ்வயலின் குறுக்கே அணை எழுந்தது. 1812 அளவில் வேலை முடிந்தது. மக்கள் அதனைக் ‘கிரி முகுத’ என்றனர். நம் மொழியிற் சொல்வதாயின் பாற்கடல். கரையைச் சுற்றி அலையலையாய் வளைந்து செல்லும் மதிலுக்கு ‘வலாகுளு பெம்ம’, அஃதாவது முகில்மதில் என்று பெயர். அதில் விளக்கேற்றுவதற்கான மாடங்கள் வரிசையாக உள்ளன. தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் இம்மன்னன் காலத்ததே. இவையனைத்தையும் வரைந்தமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி. ஒரு மன்னன் விண்ணுலகத்தை மண்ணிலே காண விரும்பினான் என்றே தோன்றுகின்றது. ஆனால் மண்ணைச் சுமந்தோர் குடிமக்கள். அவர்கள் கூலிக்குச் சுமக்கவில்லை. இராசகாரியம் என்னும் முறைப்படி, நிலம் பெற்றதற்கீடாக அரசனுக்கு ஆற்ற வேண்டிய ஊழியமாகச் சுமந்தனர். வயலை விட்டும் வீட்டை விட்டும் நாட்கணக்கில் வந்து சுமந்தனர். அம்மனக்குறையைப் பிரதானிகள் வளர்த்தனர், ஆங்கிலேயர் பயன்கொண்டனர். முகில்மதில் முற்றுப்பெறுமுன்னே மன்னன் முடியிழந்தான். இன்றும் அம்மதில் வாவியை முழுதும் சுற்றவில்லை. இந்நகரின் அழகுகளில் உலகம் முதலாவதாகப் புகழும் வாவியே இதன் அரசனை மக்களினின்றும் பிரித்தவற்றுள் ஒன்று என்பதைப் படமெடுப்போர் அறியார்.

விருந்தினர் இதனைக் கேட்டு வியப்புறவில்லை. இங்கா அரசிலும் இராசகாரியத்தை ஒத்த முறையொன்று இருந்ததென்றும், ‘மீத்தா’ என்பது அதன் பெயரென்றும் சொன்னார். குடிகள் முறைவைத்து வந்து சாலையும் கோட்டையும் அமைத்தனர். குஸ்கோவின் கன்மதில்கள் சாந்தின்றி, கத்தியும் புகாவண்ணம் இணைந்தமை அவ்வூழியத்தாலேயே. இசுப்பானியர் இங்கா அரசை அழித்தனர், மீத்தாவை அழித்திலர். பொத்தோசி மலையின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு அதே பெயரால் ஆட்களை இழுத்துச் சென்றனர். இங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. இராசகாரியத்தைக் கொடுங்கோன்மை என எழுதிய ஆங்கிலேயர், அதே இராசகாரியத்தைக் கொண்டே கொழும்பு-கண்டிச் சாலையைக் கடுகண்ணாவை மலைமீது ஏற்றினர். 1830களின் தொடக்கத்திலே, கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைக்குப் பின்னரே அதனை நீக்கினர். சிறீ விக்கிரமனைக் கொடியவன் என வரைந்த ஏடுகளைப் படிக்கும்போது, அவற்றை எழுதியவர்க்கு அவன் கொடியவனாயிருத்தல் தேவையாயிற்று என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவன் செய்தவற்றுள் மன்னிக்கவொண்ணாதவையும் இருந்தன. எகலப்பொலைப் பிரதானியின் குடும்பத்திற்கு 1814இல் நேர்ந்த கதியை எவரும் மறைத்தல் இயலாது.

வாவிக்கரையிலே வண்டி நின்றது. தம்பியார் வழக்கம்போல, “நீங்கள் போய்ப் பாருங்கள் ஐயா, நான் இங்கே நிற்கிறேன்” என்றார். இதற்குமுன் எத்தனை முறை உள்ளே சென்றிருக்கின்றார் என விருந்தினர் கேட்டார். “ஆயிரம் தடவை ஆட்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். உள்ளே போனதில்லை” என்பது விடை. பெரியவர் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டார். வண்டியை நிறுத்தத் தக்க இடத்தில் நிறுத்திவிட்டு மூவருமாய் நடந்தோம்.

சோதனைச் சாவடியைக் கடந்து செல்லவேண்டியிருந்தது. 1998ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் இம்மாளிகையின் முன் வெடிகுண்டு வெடித்து உயிர்கள் பலியாயின, முகப்பும் சிதைந்தது. அது பின்னர் முன்னிருந்தவாறே செப்பனிடப்பட்டது. வழிபாட்டிடம் ஒன்றில் வீழ்ந்த குண்டு எந்தச் சமயத்தவர்க்கும் நன்மை செய்ததாகச் சரித்திரமில்லை. இவ்வளவே விருந்தினர்க்குச் சொன்னோம். இதற்கு மேற் சொல்லவும் இயலவில்லை.

மாளிகையைச் சுற்றியுள்ள தேவாலயங்களை அவர்க்குக் காட்டினோம். நாதர், விட்டுணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என்னும் நால்வர்க்கும் இங்கே கோயில்கள் உள. பத்தினி என்பாள் நம் கண்ணகியே என்றதும் தம்பியாரின் முகம் மலர்ந்தது. நான்கு தேவாலயங்களின் பெரகராவையும் தலதாப் பெரகராவோடு இணைத்து ஆடித் திருவிழாவை இன்றைய உருவுக்குக் கொணர்ந்தவன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747-1782). அவன் நாயக்கர் குலத்தவன். தமிழகத்தினின்றும் வந்த சைவ மரபிற் பிறந்தவன். எனினும் இலங்கையில் அற்றுப்போயிருந்த பௌத்த பிக்குகளின் உபசம்பதை மரபைச் சீயத்தினின்றும் பிக்குகளை வருவித்து 1753இல் மீண்டும் நிலைநாட்டியவன் அவனே. ஆளவந்த இடத்தின் அறத்தைத் தன் அறமாகக் கொண்டான். 1739 தொடக்கம் 1815 வரை இந்நகரை ஆண்ட மன்னர் நால்வரும் அக்குலத்தவரே. அவர்களுடைய உறவினர் வாழ்ந்த வீதிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் மலபார் வீதி.

பத்தினி தேவாலயத்தை அடுத்தே செங்கல்லாலான புனித பவுல் ஆங்கிலிக்கன் ஆலயம் நிற்கின்றது. ஆங்கில ஆட்சியிலே, 1840களில் எழுந்தது. விருந்தினர் இதனைக் கண்டு நெடுநேரம் நின்றார். குஸ்கோவிலே சூரியன் கோயிலாகிய கோரிக்கஞ்சாவின் சுவர்களின் மேலேயே இசுப்பானியர் தங்கள் மடத்தைக் கட்டினர். 1950ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் நிலம் அதிர்ந்தது. மேற்கட்டடம் பெரும்பாலும் சிதைந்தது. கீழிருந்த இங்காச் சுவர் அசையாது நின்றது. “அன்றுதான் எங்கள் நகரத்தார் பலர் தங்கள் நகரின் அடிச்சுவரைக் கண்டார்கள். உங்களுக்கோ நிலநடுக்கம் வேண்டியதில்லை, எல்லாம் பக்கத்திற் பக்கமாய் நிற்கின்றனவே” என்றார். கத்தோலிக்கராகிய அவர் இதனைச் சொன்னது எம் நெஞ்சிலே தைத்தது. பக்கத்திற் பக்கமாய் நிற்றல் எளிது. ஒன்றையொன்று அறிந்து நிற்றலே அரிது.

அங்கிருந்து மகுல்மடுவ என்னும் அரசிருக்கை மண்டபத்தை அடைந்தோம். இராசாதி இராசசிங்கன் தொடங்கி, சிறீ விக்கிரமன் முடித்த மரமண்டபம் அது. செதுக்கு வேலை நிறைந்த தூண்கள் வரிசை வரிசையாக நிற்க, நாற்புறமும் காற்று வீசும். 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் தேசாதிபதி பிரவுண்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கண்டி ஒப்பந்தத்தை இங்கே நிறைவேற்றினர். இரு வாரங்களுக்குமுன், பெப்ருவரி 18ஆம் நாள், மன்னன் பிடிபட்டிருந்தான். பௌத்த சமயம் காக்கப்படும் என்ற ஐந்தாம் பிரிவை யாவரும் அறிவர். மூன்றாம் பிரிவை அறிந்தோர் சிலரே. மன்னனின் உறவினர் எவரும் கண்டி நாட்டினுட் புகலாகாது என்பதும், வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்மக்கள் எவரும் எழுத்து மூல அனுமதியின்றி மீளலாகாது, மீளின் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என்பதும் அதன் பொருள். மலபார் என்று அக்கால ஆங்கிலேயர் குறித்தது நம்மவரையே.

இதனை விருந்தினர்க்கு ஆங்கிலத்திலும் தம்பியார்க்குத் தமிழிலும் சொன்னோம். தம்பியார் சிறிது நேரம் தூணொன்றைத் தடவிக்கொண்டு நின்றார். பின், “அப்படியானால் எங்கள் ஆட்களை உள்ளே விட்டது யார் ஐயா?” என்று கேட்டார்.

“அதே துரைமார்தாம், தம்பி. கோப்பி நட ஆள் வேண்டியிருந்தது” என்றோம்.

விடை அவ்வளவே, அதன்பின் உள்ள சரித்திரம் பெரிது. 1824 அளவிலே கம்பளைக்கு அண்மையிற் கோப்பித் தோட்டம் தொடங்கிற்று. அதன்பின் ஆண்டுதோறும் தமிழகத்து ஏழை மக்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர்க்குக் கணக்கில்லை. அவர்கள் இம்மலைநாட்டைக் கண்டிச் சீமை என்றனர். ஒன்பதாண்டுகளுக்கு முன்னர்ச் சட்டத்தால் அடைக்கப்பட்ட வாயில், கூலிக்கு ஆள் தேவைப்பட்டவுடன் திறந்துகொண்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்தம் பேரப்பிள்ளைகள் நாடற்றோர் ஆயினர். 1964இல் இரு பிரதமர்கள் அவர்களைத் தொகைவைத்துப் பங்கிட்டனர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. இவையனைத்தையும் சுமந்து வந்த பரம்பரையின் இளைஞர் ஒருவர் மகுல்மடுவத்தின் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றபோது, அவருக்கு அம்மண்டபத்தில் எவருக்கும் குறையாத உரிமை உண்டெனவே எமக்குத் தோன்றிற்று.

அரசியர் மாளிகையில் அமைந்த நூதனசாலையையும் கண்டோம். ஒப்பந்தத்தின் பிரதியொன்று அங்குண்டு. மன்னனின் சிம்மாசனத்தை அங்கே தேடுவோர் ஏமாறுவர். அதனை ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று 1934இல் திருப்பித் தந்தனர். இன்று அது கொழும்பு நூதனசாலையிலே உள்ளது. சிம்மாசனம் மீண்டது, மன்னன் மீளவில்லை. 1816இல் அவனைக் கப்பலேற்றித் தமிழகம் அனுப்பினர். வேலூர்க் கோட்டையிற் காவலிலிருந்து 1832 சனவரி 30ஆம் நாள் இறந்தான். பாலாற்றங்கரையிலே முத்துமண்டபம் என்னும் நினைவிடம் அவனுக்கு உண்டு. குஸ்கோவிலோ, இங்காக் குலத்து இறுதி மன்னன் தூப்பாக் அமாருவை 1572இல் நகரின் நடுச் சதுக்கத்திலேயே தலை துணித்தனர் என விருந்தினர் சொன்னார். அப்பெயரைச் சூடிக்கொண்டு கிளர்ந்த மற்றொருவரையும் 1781இல் அதே சதுக்கத்திற் கொன்றனர். 1818இல் கண்டியிற் கொலையுண்ட கெப்பெட்டிப்பொலையின் நினைவுச் சின்னத்தை அவர்க்குக் காட்டினோம். அவர் தொப்பியைக் கழற்றினார்.

மூன்றாம் நாள் தம்பியாரே எம்மை அழைத்தார். “நேற்று நீங்கள் எனக்குக் காட்டினீர்கள், இன்று நான் காட்டுகிறேன்” என்றார். தலாத்துஓயா வழியாக மலையேறினோம். 1867இல் ஜேம்ஸ் தெய்லர் என்பவர் முதன்முதலாகத் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்ட லூல்கந்துரைப் பக்கம் அது. கோப்பியை 1869 முதல் இலைநோய் தாக்கி அழித்தபோது, தேயிலை தலையெடுக்குமுன் சில காலம் தோட்டக்காரரைக் காத்த பயிர் சிங்கோனா. கொயினா மருந்து அதன் பட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதன் தாயகம் அந்தீசு மலை. பெரு நாட்டின் அரசச் சின்னத்திலேயே அம்மரம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது நம் நாட்டார் நம்பியிருந்த மருந்தும் கொயினாவே. இதனை எடுத்துரைத்தபோது, “எங்கள் மரம் உங்கள் மக்களுக்கு உதவிற்று, அதனை நட்டவர் இவருடைய பாட்டனார்” என்று விருந்தினர் தம்பியாரின் தோளைத் தட்டினார்.

தம்பியாரின் வீடு பழைய லயத்தில் இரண்டு அறை. அப்பாயி என அவர் அழைக்கும் மூதாட்டியார் திண்ணையில் இருந்தார். சாயத்தேநீரும் உரொட்டியும் தந்தனர். எங்கிருந்து வந்தவர் என மூதாட்டியார் கேட்க, கடலுக்கப்பால், உலகத்தின் மறுபக்கத்திலிருந்து என்றோம். “அங்கேயும் மலைதானா? ஏறி இறங்கிச் சுமக்கிறவர்கள் யார்?” என்று கேட்டார். விருந்தினர்க்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் உடனே விடையிறுத்தார்: மச்சுப்பிச்சு காண இங்காப் பாதை வழியே நடந்து செல்லும் பயணிகளின் மூட்டைகளைச் சுமப்போர், இங்காக்களின் மொழியாகிய கெச்சுவாவைப் பேசும் மலையூர் மக்களே என்று. பாதையை அமைத்தவர் வழிவந்தோரே இன்று அப்பாதையிற் பிறர் சுமையைச் சுமக்கின்றனர். மூதாட்டியார் தலையசைத்தார். சரித்திரம் கற்பித்த இரு ஆசிரியரும் மூன்று நாளாகச் சுற்றி வந்த பொருளை அவர் ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார்.

அடுத்த நாள் விருந்தினர் புகையிரதமேறிக் கொழும்பு சென்றார். யாம் ஒரு விருந்தினரை உபசரித்தோம், அவ்வளவே. ஆயினும் முப்பதாண்டுகள் அம்பிட்டியவில் வாழ்ந்து, கண்டியை மாணவர்க்குப் பாடமாகவும் கற்பித்த எமக்கு, அந்நகரின் உரிமை பற்றி ஒரு தெளிவு அம்மூன்று நாளிற் பிறந்தது. தலைநகரம் என்பது அரசனுக்கு மாத்திரம் உரியதன்று, வென்றவனுக்கு உரியதுமன்று, ஓர் இனத்தார் தமக்கே என்று வேலியிடத் தக்கதுமன்று. சிங்களக் குடியானவன் மண் சுமந்தான். நாயக்க மன்னன் வாவி கண்டான். பிக்கு மாளிகையைக் காத்தார். தமிழ்த் தொழிலாளி சுற்றியுள்ள மலைகளைப் பசுமையாக்கினான். இவருள் ஒருவரை விலக்கிச் சொல்லும் வரலாறு முகில்மதிலைப்போல் இடையில் நின்றுவிடும்.

இளைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. நம் கல்லூரி ஆண்டுதோறும் உங்களைச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றது. நீங்கள் கண்டிக்கும் வருவீர்கள். நல்லூழ் இருப்பின் குஸ்கோவுக்கும் ஒருநாட் செல்வீர்கள். எங்குச் சென்றாலும், இதனைக் கட்டுவித்தவன் யார் என்பதோடு நில்லாது, கட்டியவர் யார் எனவும் கேளுங்கள். நீங்கள் மாளிகைகளைச் சுற்றிப் பார்க்கும் வேளையிலே உங்களை ஏற்றிவந்த பஸ்வண்டிச் சாரதியும் உதவியாளரும் வெயிலில் வண்டியருகே உறங்கிக்கொண்டிருப்பர். அடுத்த முறை அவர்களையும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். நுழைவுச்சீட்டுப் பணம் போதாதெனின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு எழுதுங்கள். யாமும் அதில் ஓர் உறுப்பினரே. வாழிய நம் கல்லூரி; வளர்க அதன் பணி.